தாண்டிக்குடிப் பக்கம் மனநோயுற்றவரின் குடும்பத்துக்கு அருகில் என்ன உதவி கிடைக்கும்?

கேள்வி: கீழ்மலைக்காரி

அனைவருக்கும் வணக்கம். பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறார்கள். மலை வாழையும் மிளகும் உள்ள சிறு நிலமும் குடும்பத்துக்கு உண்டு. நான் திருமணமாகித் திண்டுக்கல்லில் வசிக்கிறேன். என் தம்பிக்கு இருபத்து நான்கு வயது. கல்லூரியில் இறுதியாண்டுப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்தவன், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினான். பிறகு இரவில் உறங்குவது நின்றுபோனது. தண்ணீர்த் தொட்டியில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று கூறி வீட்டுச் சாப்பாட்டைத் தொடவும் மறுத்தான். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஒலான்சபின் மாத்திரையைத் தொடங்கினார்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகும் காலத்தில் அவன் வாழைக்குக் களை எடுக்கிறான், அம்மாவுக்கு விறகு பிளந்து தருகிறான், என் மகளுடன் செல்போனில் சிரித்துப் பேசுகிறான்.

சிக்கல் மாத்திரை தீரும்போதுதான் வருகிறது. மதுரைக்கு அவனோடு ஒருவர் போய்வர வேண்டும். இருவருக்குப் பேருந்துச் செலவு, மருத்துவர் கட்டணம், மாத்திரை விலை ஆகியவற்றோடு ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது. காப்பிப் பழம் எடுக்கும் மாதங்களில் மேஸ்திரி விடுப்புத் தருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மரமோ மண்ணோ சரிந்தால் மலையிலிருந்து இறங்கவே முடியாது. சென்ற மழைக்காலத்தில் அப்படி மருந்து விட்டுப்போய், எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

ஆகவே, அருகிலேயே இலவசமாகவோ குறைந்த செலவிலோ இந்த மருந்து கிடைக்க வழி உண்டா என்பது என் முதல் கேள்வி. அம்மாவைப் பற்றியும் கேட்க வேண்டும். அவர் இரவில் சரியாக உறங்குவதில்லை, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அவரைப் போன்றவர்களுக்கு யாராவது துணை நிற்கிறார்களா? உறவினர்களோ, ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் பையன் சரியாகிவிடுவான் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். மறுபக்கம் பெரியப்பா, புத்தி சரியில்லாதவன் கையெழுத்து செல்லாது, அதனால் நிலத்தைப் பிரிக்கும்போது அவன் பெயரைச் சேர்க்கத் தேவையில்லை என்கிறார். இதற்கெல்லாம் எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி: வத்தலக்குண்டு மருந்தாளுநர்

சகோதரிக்கு வணக்கம். நான் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். மலையிலிருந்து இறங்கிவரும் குடும்பங்களைப் பல ஆண்டுகள் மருந்து வழங்கும் சன்னலுக்கு உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் தம்பியின் சிகிச்சையை மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் முதல் வேலை. மற்றவை அதன் பின்னால் வரட்டும்.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது. அதன்கீழ் மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் 1997இல் வந்தது, இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் அடங்கிய குழு ஒன்று மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு, வட்ட மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறித்த நாள்களில் சென்று வருவது அதன் அமைப்பு. எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பது அவ்வப்போது மாறும் என்பதால், பிறர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள். நீங்கள் திண்டுக்கல்லிலேயே இருப்பது நல்லதாயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போய், கொடைக்கானல் வட்டத்தில் குழு எங்கெங்கே, எந்த நாளில் வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் முறை மட்டும் தம்பியை அங்கே அழைத்துச் சென்று பதிவு செய்துவிட்டால், அதன்பின் உங்கள் ஊருக்கு அருகில் உள்ள இடத்திலேயே தொடர முடியுமா என்று அந்த மருத்துவரிடமே கேட்கலாம்.

போகும்போது மதுரை மருத்துவமனையின் சிகிச்சைச் சுருக்கமும் மருந்துச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். தனியார் சீட்டில் பெரும்பாலும் நிறுவனத்தின் வணிகப் பெயர் மட்டுமே இருக்கும். அரசு மருந்தகத்திலோ மருந்து அதன் பொதுப்பெயரில் இருக்கும். இந்தப் பெயர் வேறுபாட்டைப் பார்த்து, "இங்கே நம் மாத்திரை இல்லை" என்று திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் மதுரை மருத்துவரிடம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசு நிலையங்களில் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகளை, சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு மேலுள்ள எல்லா நிலையங்களிலும் எந்நேரமும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இருப்பு இல்லை என்றால் சன்னலில் வாக்குவாதம் செய்து பயனில்லை. மருத்துவ அலுவலரைப் பார்த்து, இந்த நோயாளிக்கு மாதந்தோறும் தேவை என்று பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தேவைப் பட்டியலில் ஏறிய மருந்தைத்தான் அடுத்த முறை மாவட்டக் கிடங்கிலிருந்து வரவழைப்பார்கள்.

மழைக்காலத்துக்கு முன்பு, அதாவது புரட்டாசியிலேயே, மலைப்பாதை அடைபடும் என்பதை எடுத்துச் சொல்லி வழக்கத்தைவிடக் கூடுதல் நாள்களுக்கு மருந்து கேளுங்கள். கிடைத்ததைக் காகித உறையிலேயே விட்டுவிடக் கூடாது. கீழ்மலையின் மூடுபனியில் உறை நமுத்து, அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள் பொதபொதவென்று ஆகிவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி, அம்மாவின் பொறுப்பில் வையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

நாள்தோறும் மாத்திரை போட்டுக்கொள்வது தம்பிக்குப் பெரும்பாடாக இருந்தால், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீண்டகாலச் செயல் ஊசிகள் உண்டு. ஃபுளூஃபெனசின் டெக்கனோயேட் அவற்றில் பழமையானது, விலையும் குறைவு. அது அவருக்குப் பொருந்துமா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொருந்துமானால், மருத்துவரின் கடிதத்துடன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ள ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

பக்கவிளைவுகளை நோயென்றே எண்ணிக் குடும்பங்கள் பயந்துவிடுவதுண்டு. கழுத்து ஒருபக்கமாக முறுக்கிக்கொள்வது, கால் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கச் சொல்வது, கை நடுங்குவது ஆகியவை சில மருந்துகளால் வருபவை. அவற்றுக்கு மாற்று மருந்தும் உண்டு, அளவைக் குறைக்கவும் வழி உண்டு. ஒலான்சபின் பசியைத் தூண்டி உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது என்பதால், எடையையும் இரத்தச் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். தம்பி பீடி, சிகரெட் புகைப்பவரா? புகை அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். திடீரென்று புகையை விட்டால் அளவு கூடும். எனவே எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கஞ்சா, மேல்மலையில் சுற்றுலா வருவோருக்குத் திருட்டுத்தனமாக விற்கப்படும் போதைக் காளான் போன்றவற்றின் பழக்கம் இருந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். நோய் மறுபடி தலைதூக்குவதில் கஞ்சாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னும் ஒன்று. தேசியத் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, உங்கள் அம்மாவும் பேசலாம்.


மறுமொழி: விருப்பாட்சி வேலவன் அடிமை

மருந்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் உறவில் ஒருவரைக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தோம். நல்ல மாற்றம் தெரிந்தது. மருத்துவமனை, சட்டம் என்று அலைவதற்கு முன் ஒருமுறை அங்கே அழைத்துப் போய்ப் பாருங்கள். மாத்திரையை வாழ்நாள் முழுதும் விழுங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.


மறுமொழி: அட்டுவம்பட்டி அம்மா

மகளே, உன் அம்மாவைப் பற்றி நீ கேட்டதால் எழுதுகிறேன். என் மகளுக்கு இருமுனைக் கோளாறு, அதாவது அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். நோய் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. லித்தியம் மாத்திரையில் நிலையாக இருக்கிறாள், தையல் கடையில் வேலைக்கும் போகிறாள். மேலே எழுதிய அன்பருக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் பூம்பாறை குழந்தை வேலப்பருக்கு ஆண்டுதோறும் நேர்ந்துகொள்பவள்தான். சாமி கும்பிடுவதற்கும் மாத்திரை போடுவதற்கும் பகை எதுவும் இல்லை. ஏர்வாடியிலேயே மனநோய் தீர வேண்டித் தர்காவுக்கு வருவோர் பிரார்த்தனையை விடாமல் மருந்தும் பெறும்படி அரசு சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் கோயிலில் தங்கும் நாள்களில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அந்த இடத்தில் தங்க வேண்டாம். நன்றாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திய பிறகு நோய் திரும்பி வருவது உடனே தெரியாது. சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அதனால்தான் எதனால் வந்தது என்று யாருக்கும் பிடிபடுவதில்லை. எத்தனை ஆண்டு சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இனி வீட்டு விஷயம். தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று அவன் சொல்லும்போது, இல்லவே இல்லை என்று வாதாடினால் கலந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்று ஆகிவிடும். ஆமாம் என்று தலையாட்டினால் அவன் பயம் உறுதிப்படும். "உனக்கு அப்படித் தோன்றுவது பயமாகத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊற்றிலிருந்து அவனையே குடத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். அம்மா அவன் கண்முன்னே சமைத்து, அதே பாத்திரத்திலிருந்து முதலில் தானும் ஒரு வாய் சாப்பிடட்டும். இதனால் நோய் போய்விடாது, ஆனால் அன்றைய சாப்பாடு உள்ளே போகும். ஓயாமல் குறை சொல்லும் வீட்டிலும், கைக்குழந்தையைப் போல நிமிடத்துக்கு நிமிடம் பின்னாலேயே போகும் வீட்டிலும் நோய் திரும்புவது அதிகம் என்று எங்களுக்கு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தார்கள். அவனுக்கென்று ஒரு வேலை இருக்கட்டும். அது களை எடுப்பதாகவே இருக்கட்டும். அதற்கு வீட்டில் ஒரு சிறு கூலியும் கையில் கொடுங்கள்.

நோய் திரும்புமுன் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஓர் அறிகுறி முன்னதாகத் தெரியும். என் மகளுக்கு உறக்கம் குறைவதும், அலமாரியை நள்ளிரவில் அடுக்கத் தொடங்குவதும். உன் தம்பிக்கு என்னவென்று அம்மாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வை. இரண்டு இரவு தொடர்ந்து அப்படி நடந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், எல்லை மீறிப் போகும்வரை காத்திருக்க நேராது. வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் பூட்டி, சாவியை அப்பா வைத்துக்கொள்ளட்டும். முடிந்தால் தோட்டத்து ஷெட்டிலேயே வைத்துவிடுங்கள். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சினேகா அமைப்பினர், கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஊருக்குப் பொதுவான பூட்டிய பெட்டகங்களில் பூச்சிக்கொல்லியை வைக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள். கைக்கு எட்டாமல் இருந்தால் அந்த ஒரு நொடி வேகம் அடங்கிவிடும் என்பதே காரணம்.

அம்மாவுக்கு உறக்கம் மிக முக்கியம். வாரத்தில் சில இரவுகள் அப்பா விழித்திருக்கட்டும், அம்மா வேறு அறையில், அறை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலாவது, படுக்கட்டும். "பெற்றவள்தான் பார்க்க வேண்டும்" என்று ஆண்கள் ஒதுங்கிவிடுவதை நான் ஏற்பதில்லை. கொடைக்கானலில் எங்களைப் போன்ற சில குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது, காய்கறி வாங்கி முடித்த பிறகு ஓர் இடத்தில் கூடி உட்கார்ந்து பேசுவோம். அதற்குப் பெயரும் கிடையாது, பதிவும் கிடையாது. ஒருவர் கல்யாணத்துக்கோ சாவுக்கோ போக வேண்டியிருந்தால் மற்றவர் அந்த வீட்டில் வந்து இருந்து பார்த்துக்கொள்வது என்ற பழக்கம் அங்கே பேசிப் பேசி உண்டானது. உங்கள் பக்கமும் இப்படி ஒரு வீடு கட்டாயம் இருக்கும். பேசாமல் இருப்பதால்தான் தெரியவில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடம், "எங்களைப் போல இன்னொரு குடும்பம் இருந்தால், அவர்களுக்கு விருப்பம் இருந்தால், எங்கள் எண்ணைக் கொடுங்கள்" என்று சொல்லிவை. அவர் பெயர்களை உன்னிடம் சொல்லக் கூடாது, ஆனால் உன் எண்ணை அவர்களிடம் கொடுக்கலாம்.

பயிற்சி, மறுவாழ்வு என்று வரும்போது மதுரையில் 1992 முதல் செயல்படும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைக் கேட்கலாம். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் உன் தம்பிக்கு வந்திருக்கும் இந்த நோய்க்காகவே உருவானது. இரண்டும் தொலைவுதான். ஆனாலும் நீ படித்தவள், அங்கே கேட்டு அறிந்ததை அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லலாம்.


மறுமொழி: கறுப்பு அங்கி

நிலத்தைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். திண்டுக்கல் நீதிமன்றங்களில் இவ்வகை வழக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் என் கருத்து இது.

உங்கள் பெரியப்பா சொல்வது சட்டமல்ல. நோய், ஊனம், உருக்குறை ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் வாரிசுரிமையிலிருந்து விலக்க முடியாது என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. கையெழுத்தைப் பொறுத்தவரை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படியே, பெரும்பாலும் மனநலம் குன்றியிருப்பவரும் தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம்; அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்ததா என்பதே கேள்வி, அவருக்கு நோய் இருக்கிறதா என்பதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 13ஆம் பிரிவும் சொத்து வைத்திருக்கும் உரிமையை மற்றவர்களுக்குச் சமமாகவே தருகிறது. எனவே பாகப்பிரிவினையில் அவர் பெயர் இருக்க வேண்டும். அதே சமயம், நோய் முற்றியிருக்கும் வேளையில் அவரிடம் விடுதலைப் பத்திரத்தில் (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம்) கையெழுத்து வாங்க எவராவது முனைந்தால், அன்றைய மருத்துவப் பதிவு பின்னாளில் அந்தப் பத்திரத்தை எதிர்க்க உதவும். ஆகவே ஒரு சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நோயாளி தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. மதுரை மருத்துவமனை தனியார் என்பதால் அதற்கு விலக்கில்லை.

பாதுகாவலர் நியமனத்துக்காகச் சிலர் உங்களை 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யச் சொல்லக்கூடும். அச்சட்டம் புற உலகச் சிந்தனைக் குறைபாடு (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கானது. மனநோய் அதில் வராது.

கால்கட்டு விஷயத்தில், நோயை மறைத்துச் செய்த திருமணம் பின்னர் நீதிமன்றத்தில் செல்லாததாக்கப்பட இடமுண்டு என்பதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது, மறைத்துச் செய்யும் திருமணத்தில் மாத்திரையையும் மனைவிக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிவரும். ஆகவே மாத்திரை நின்றுபோகும். பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அவர்களும் சம்மதித்து, நோய் நிலைப்பட்ட பிறகு நடக்கும் திருமணம் வேறு.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது நியமனப் பிரதிநிதி என்ற ஏற்பாடு. தம்பி தெளிவாக இருக்கும்போது, வெள்ளைத்தாளில், "என் சிகிச்சை தொடர்பான முடிவுகளில் எனக்குத் துணையாக என் அக்காவை நியமிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை. அவரே சேர மறுக்கும் அளவுக்கு நோய் முற்றி, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையோ தன்னைப் பேணிக்கொள்ள இயலாத நிலையோ வந்தால், நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்து உடன்பட்டால், 30 நாள்கள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது விட்டுவிடும் "இல்லங்கள்" பற்றி எவராவது சொன்னால் கேட்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் அப்படிப்பட்ட ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியிடுவதை இன்றைய சட்டம் எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. அது வீட்டுக்கும் பொருந்தும் என்றே நான் கொள்கிறேன். அவர் வீட்டைவிட்டு வெளியேறி அலைந்தால் காவல் நிலையத்தில் தயங்காமல் சொல்லலாம். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்வது அவர்கள் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம்.


மறுமொழி: கீழ்மலைக்காரி

மூவருக்கும் மிக்க நன்றி. கோயிலைப் பற்றி எழுதிய ஐயாவுக்கும் நன்றி. அம்மா தாண்டிக்குடி முருகனுக்கு ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருக்கிறார், மாத்திரையையும் விடமாட்டார். நியமனப் பிரதிநிதி பற்றித் தம்பியிடம் தொலைபேசியில் பேசினேன். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக உடனே ஒப்புக்கொண்டான். ஆனால் மின்னதிர்வுச் சிகிச்சை மட்டும் வேண்டாம் என்று அதில் சேர்த்து எழுதலாமா என்று கேட்டான். மேலும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் ஏதேனும் பலன் உண்டா? அப்பா அதை விரும்பவில்லை. ஒருமுறை அட்டை வாங்கிவிட்டால் பையனுக்கு வாழ்நாள் முழுதும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்.


மறுமொழி: கறுப்பு அங்கி

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதற்கு அதே சட்டத்தில் முன்கூட்டிய வழிகாட்டுதல் என்று தனி ஏற்பாடு உண்டு. அதைத் தனித்தாளில் எழுதி, சட்டம் சொல்லும் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். சட்ட உதவி அலுவலகத்தில் எழுதித் தருவார்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு கொடுப்பது எப்படியும் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும், முறையாகக் கொடுக்கப்படும்போது அது சில நிலைகளில் நல்ல பலன் தரும் சிகிச்சை என்பதையும், எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் அவர் கேட்டறியட்டும்.


மறுமொழி: வத்தலக்குண்டு மருந்தாளுநர்

அடையாள அட்டையைப் பற்றி நான் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுத்த 21 வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. தன்னைப் பேணிக்கொள்வது, பிறருடன் பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும் நோயின் கால அளவையும் வைத்து மனநல மருத்துவர் மதிப்பெண் இட்டு விழுக்காட்டைக் கணக்கிடுவார். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி பிறக்கும். மனநோய்க்குப் பல நேரங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே சான்று தந்து, பிறகு மறுபரிசீலனை செய்வார்கள். எனவே அப்பா அஞ்சுவது போல வாழ்நாள் முத்திரை என்று கொள்ள வேண்டியதில்லை. விண்ணப்பிப்பதும் புதுப்பிப்பதும் உங்கள் விருப்பம். பயன்படுத்த வேண்டாம் என்று தோன்றினால் பெட்டியிலேயே கிடக்கட்டும், யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

பலன் என்று பார்த்தால், வருவாய்த் துறையின் மாதாந்திர உதவித்தொகைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வழியாக விண்ணப்பிக்கலாம். தகுதியை வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிவு செய்வார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் எல்லாப் பேருந்துகளும் அந்த வகை அல்ல என்பதால், நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இழுத்தடிக்கப்பட்டால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். நீங்கள் திண்டுக்கல்லில் இருப்பதால் அப்பாவின் கூலி கெடாது.

மனநலப் பிரிவுக்குப் போகும் அன்றே சான்றிதழுக்கான மருத்துவக் குழு எந்த நாளில் கூடுகிறது என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே பயணமாகத் தம்பியை அழைத்து வந்தால் போதும். ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், மதுரைச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மூலத்தை எவரிடமும் விட்டுவிடாமல் திரும்பி வாங்கிக்கொள்ளுங்கள்.